அக்காவின் கால் அளவு

எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடும் கொடி ஒன்று இருந்தது. ஒரு முனை முருங்கை மரத்தில், மறுமுனை குளியலறைச் சுவரில் அடித்த ஆணியில். ஈரத்துணி ஏறியதும் நடுவில் தொய்ந்து என் நெஞ்சு உயரத்துக்கு இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் அதைக் குனிந்துதான் கடப்போம். அக்கா குனிந்து நான் பார்த்ததில்லை. கையில் வாளி இருந்தால் கீழே வைப்பாள். பாவாடையை முட்டிவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நாலு எட்டு ஓடி வந்து ஒரு காலை வீசுவாள். மறுகால் தானாகப் பின்னால் வரும். கொடியில் கிடக்கும் துண்டின் நுனிகூட அசையாது. இறங்கிய பிறகுதான் வாளி அந்தப் பக்கமே இருப்பது நினைவுக்கு வரும். மறுபடி இந்தப் பக்கம் தாண்டுவாள். வாளிக்காகத் தாண்டினாளா, தாண்டுவதற்காக வாளியை மறந்தாளா என்று எனக்கு அப்போது சந்தேகம் வந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. அக்கா ராஜபாளையத்தில் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஆகவே வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்வோம். அக்கா தாண்டி இறங்கும் சத்தத்துக்கு மட்டும் அப்பா எழுந்து வந்து திட்டியதில்லை. ஒருநாள் மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு வாங்கிவந்து, பழைய கோணிப்பைகளில் திணித்து, வாயைச் சணலால் தைத்து, கொடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் போட்டார். மொத்தம் ஆறு மூட்டை. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பின்னால மூட்ட கெடக்கு, இருட்டுல முட்டிக்கிடாதிய" என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அதுதான் அவர் அக்காவைப் பற்றிச் சொன்ன மிக நீளமான பாராட்டு.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமை அக்காவின் உடற்பயிற்சி டீச்சர் வீட்டுக்கு வந்தார். விசில் எப்போதும் அவர் கழுத்தில் கிடக்கும். அன்றும் பட்டுச் சேலைக்கு மேலே கிடந்தது. சர்ச்சில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். காபி குடித்து முடித்ததும் கைப்பைக்குள்ளிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"சுவத்தோட ஒட்டி நில்லுட்டி" என்று அக்காவை நிறுத்தினார். இடுப்பெலும்பிலிருந்து முட்டிவரை ஒரு அளவு. முட்டியிலிருந்து கணுக்கால்வரை இன்னொன்று. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. முட்டிக்குக் கீழ எம்புட்டு நீளம்னு பாத்தியளா? மத்த பிள்ளைய தரையில இருந்து தாவணும். ஒங்க மக மாடியில இருந்து தாவுதா."

அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

"நீளம் மட்டும் இருந்தாப் பத்தாது. கொக்குக்குந்தான் நீளக் காலு இருக்கு. இவளுக்கு இடுப்பு, முட்டி, கணுக்காலு மூணும் தூக்குக்குண்டு விட்டாப்புல ஒரே நேரா நிக்கி. ஊனுத பலம் ஒரு சொட்டு சிந்தாம மேல போயிருதும்மா. இதச் சொல்லிக் குடுத்து வரவழைக்க முடியாது."

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த என்னையும் நிறுத்திப் பார்த்தார். முட்டியைச் சேர்த்து நிற்கச் சொன்னார். என் கணுக்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காத பங்காளிகள் மாதிரி விலகி நின்றன. இடையில் டீச்சரின் நான்கு விரல்கள் தாராளமாகப் போயின.

"ஒனக்குப் பலம் பூரா முட்டி வழியா ஒழுகிப் போயிரும்டே. நீ நல்லாப் படி."

அன்றிலிருந்து நன்றாகப் படித்தேன். வேறு வழி இல்லை.

டீச்சர் வந்த விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வட்டாரப் பள்ளிகளுக்கான போட்டி. உயரம் தாண்டுதலில் முதலாவதாக வரும் பெண்ணை, மதுரையில் டீச்சருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடம் தன் விடுதியில் சேர்த்துக்கொள்ளும். சாப்பாடு, படிப்பு, காலேஜ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதன் பிறகு ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைக்கவும் வழி உண்டு. "முதலாவதா வரணும், அம்புட்டுதான். ரெண்டாவதுக்கு எடமில்ல" என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கதவின் கீழ் இடைவெளியில் அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. அவை எம்பி எம்பி இறங்கிக்கொண்டிருந்தன.

டீச்சர் தெருவைத் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "நாய்க்குட்டி வாங்க வந்தவுக கணக்கா காலப் புடிச்சு அளந்து பாக்காகளே, நல்லாவா இருக்கு?"

எங்கள் ஊரில் நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் அம்மாவின் வருத்தம் நாடாவைப் பற்றியதல்ல.

அக்கா பிறந்த அன்றே அவள் அம்மாவின் தம்பிக்கு என்று முடிவாகியிருந்தது. மாமா தளவாய்புரத்தில் இருந்தார். முன்கூடத்தில் மூன்று தையல் மிஷின்கள் போட்டு உள்பாவாடையும் நைட்டியும் தைத்துக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லை. என் அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவருக்கு வயது ஏற ஏற உயரம் ஏறவில்லை. அக்காவுக்கோ நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் மாமா அக்காவின் காதுமடல் அளவுக்குத்தான் இருந்தார். தெருவில் பெண்கள் கேலி செய்வார்கள். "ஏட்டி, ஒன் மாமன் தாலி கட்டுததுக்கு ஸ்டூல் போடணுமா, ஏணி வைக்கணுமா?" எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் அம்மாள் மட்டும், "அம்மாயி, நீ கொஞ்சம் வளராம இரு, அவன் வந்து சேந்துக்குவான்" என்று ஆறுதலாகச் சொல்வார்.

மாமாவுக்கு இது தெரியாமல் இல்லை. அவரே எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பார்: "மிஷினுல உக்காந்துட்டா எல்லாரும் ஒரே ஒசரந்தான். நான் நிக்கிறதே இல்ல." எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் உட்காருவதற்கு முதலில் இடம் தேடுவார். அக்காவும் அவர் வந்தால் உடனே தரையில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசும்போது நன்றாகத்தான் இருக்கும். மாமா வேடிக்கையானவர். அக்காவை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை.

போட்டிக்கு அனுப்ப அப்பா சரி என்றார். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். பள்ளி மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு நடுவே பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தாண்டுவது வேறு. வில்லிபுத்தூரில் ஆம்பிளைகள் சுற்றி நிற்கும் இடத்தில் அரை டிராயர் போட்டுக்கொண்டு காலைத் தூக்குவது வேறு. கணுக்கால்வரை மூடியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட உடுப்பு அன்று எங்கள் ஊர்க் கடைகளில் பெண்பிள்ளைகளுக்குக் கிடையாது. அக்கா பள்ளியில் போய்ச் சொன்னதும் டீச்சர் தலையில் கை வைத்தார். அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த மாமாதான் சொன்னார்:

"இதுக்குப் போயா? நான் தச்சுத் தாரேன். ஒரு பேண்ட்டு தைக்க எனக்கு எம்புட்டு நேரம்?"

அக்கா எழுந்து நின்றாள். அவள் மாமாவுக்கு முன்னால் யோசிக்காமல் எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மாமா அளவெடுத்தார். இடுப்பிலிருந்து குதிகால்வரை நாடாவை விட்டு, கீழ் முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். "நாப்பத்திரெண்டா! எம்மாடி, எனக்கு ரெண்டு பேண்ட்டுக்கு ஆவும்" என்றார். அக்கா சிரித்தாள். தொடைச் சுற்றளவு வந்தபோது மாமா நாடாவை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா உள்ளே போய் அளந்து வந்து எண்ணைச் சொன்னாள்.

"காலத் தூக்கி வீசணும் மாமா. நேரா வீசணும், மடக்கக் கூடாது. டீச்சர் சொன்னாக."

"தெரியும்ட்டி. ஒண்ணுக்கு ரெண்டா எடம் விட்டுத் தைக்கேன். காத்துல பறக்கலாம் நீ."

அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா தளவாய்புரம் போனாள். பேண்ட் தயாராகியிருக்கும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். இன்னும் தைக்கவில்லை. கருநீல டெரிகாட்டன் துணி வெட்டப்பட்டு மேசையில் கிடந்தது. அதன் மேல் வெள்ளைச் சாக்பீஸால் கோடுகள் போட்டிருந்தார். மாமா என்னிடம் சில்லறை கொடுத்து தெருமுக்குக் கடையில் கலர் சோடா குடித்துவிட்டு வரச் சொன்னார். போனேன். கடைக்காரர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆச்சு என்றதால் நின்று குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது மிஷின் ஓடவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"காலேஜு, வேலன்னு போன பொறவு அவ இங்க திரும்பிப் பாப்பாளா? ஒனக்கு வேற எவன்டா பொண்ணு குடுப்பான்? நானும் தேடிப் பாத்துட்டுதான சொல்லுதேன். தாயில்லாதவன், இம்புட்டு ஒசரம், மூணு மிஷினு..."

"அக்கா, நீ மூக்கச் சிந்தாத. அவ கெலிச்சா கெலிச்சுட்டுப் போறா. அதுக்கு நான் என்னத்தச் செய்ய?" என்றார் மாமா.

"ஒன்னிய ஒண்ணும் செய்யச் சொல்லலடா சாமி. அவ கெலிக்காம இருந்தாப் போதும். இருக்கன்குடி ஆத்தாளுக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்."

இருக்கன்குடி மாரியம்மனிடம் அம்மா வேண்டிக்கொண்டிருந்தது எனக்கு ஏற்கெனவே தெரியும். அக்கா ஜெயிப்பதற்காக என்று நினைத்திருந்தேன். அன்று அது அப்படியில்லை என்று தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மனிடம் தோற்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல். டீச்சர் அவருடைய கர்த்தரிடம் ஜெயிக்க வேண்டும் என்று ஒன்று. அப்பா எங்கும் வேண்டுகிறவர் இல்லை. சமமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சும்மா இருந்தால் ஒருவேளை அம்மன் பக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்து, தெருமுனைப் பிள்ளையாரிடம் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

அக்கா அந்த நாட்களில் பின்கட்டில் அப்பாவின் மூட்டைகள் மேல் விழுந்து விழுந்து பழகினாள். கொடியைக் கழற்றிவிட்டு ஒரு மூங்கில் கழியை இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் படுக்க வைத்தோம். நான் செங்கல் ஏற்றுகிறவன். அவள் தாண்டியதும் ஒவ்வொரு பக்கமும் ஒரு செங்கல் ஏற்றுவேன். பள்ளியில் டீச்சர் அளந்தபோது ஒரு மீட்டர் நாற்பது தாண்டினாள். அந்த உயரத்தை அந்தப் பள்ளியில் அதற்கு முன் யாரும் தாண்டவில்லை என்று டீச்சர் சொன்னார். அக்கா அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இரவில் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் ரகசியமாக, "மதுரையில விடுதி மாடியில இருக்காம்லே" என்றாள். நாங்கள் இருவரும் மாடிவீட்டில் இருந்ததில்லை.

போட்டி நாள் வந்தது. அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். அம்மா, அக்கா, நான் மூவரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். மாமா எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். தாளில் சுற்றிய பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தார். வழக்கமாகத் தைத்ததைக் கொடுக்கும்போது பிரித்துக் காட்டி, மடிப்பைத் தடவி, "தையலப் பாரு, எறும்பு போன தடம் மாதிரி" என்று பெருமை பேசுவார். அன்று பேசவில்லை. தூங்காதவர் மாதிரி இருந்தார்.

பெண்பிள்ளைகள் உடை மாற்ற மைதானத்து ஓரத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அக்கா வெளியே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாவாடையில் பார்த்த அக்கா இல்லை அது. கருநீலப் பேண்ட் கணுக்காலில் நன்றாகத் தளர்வாக விழுந்தது. நடந்து வந்தாள். அழகாகத்தான் இருந்தது. அம்மா மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தாள்.

தாண்டுவதற்கு முன் எல்லாப் பெண்களும் காலை வீசிப் பார்த்தார்கள். அக்காவும் வலது காலை வீசினாள். பாதியில் நின்றது. குனிந்து தொடைப் பக்கத்துத் துணியை விரலால் இழுத்துப் பார்த்தாள். மறுபடி வீசினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"மாமா, மேல பிடிக்கி."

"புதுத் துணில்லா. வெறைப்பா இருக்கு. செத்த நேரம் ஆனாச் சரியாப் போயிரும்" என்றார் மாமா. அவர் தன் விரலில் சுற்றியிருந்த ஒரு நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதல் இரண்டு உயரங்களை அக்கா தாண்டினாள். ஆனால் துண்டு நுனி அசையாமல் தாண்டுகிறவள், குறுக்கே வைத்த குச்சியை உரசிக்கொண்டு தாண்டினாள். இரண்டு தடவையும் அது ஆடி ஆடி நின்றது. அடுத்த உயரம் ஒரு மீட்டர் இருபத்தெட்டு. பின்கட்டில் அவள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே தாண்டுகிற உயரம். அக்கா ஓடி வந்தாள், ஊன்றினாள், காலை வீசினாள். கால் நேராக மேலே போகவில்லை. முட்டி மடங்கிப் பக்கவாட்டில் திரும்பியது. என் கால் மாதிரி. குச்சி விழுந்தது.

"முட்டிய மடக்காதட்டி!" என்று டீச்சர் கத்தினார். "ஒரு நாளும் இல்லாத பழக்கம் இப்ப எங்கருந்து வந்துச்சு?"

இரண்டாவது தடவையும் அதேதான். டீச்சர் ஓடிப்போய் அக்காவின் அருகில் மண்டியிட்டுத் துணியைப் பிடித்துப் பார்த்தார். எழுந்து நேராக எங்களிடம் வந்தார். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி அந்த உயரத்தை ஏற்கெனவே தாண்டியிருந்தாள். அவள் தன் பையிலிருந்து இன்னொரு அரை டிராயரை எடுத்து நீட்டிக்கொண்டே டீச்சர் பின்னால் வந்தாள். "இதப் போட்டுக்கிடட்டும் டீச்சர். தொவச்சதுதான்" என்றாள். போட்டியில் எதிராளி அவள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயர் தெரியாது.

"அம்மா, ஒரே ஒரு தடவ. ஒரு நிமிசம். நீங்க சரின்னு தலைய ஆட்டுங்க, போதும்" என்றார் டீச்சர்.

அம்மா மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். வேலியோரம் சைக்கிளில் சாய்ந்து நின்ற பையன்களைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தலையை ஆட்டவில்லை.

அக்கா தூரத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா திடீரென்று, "வாலே, ஒனக்கு ஐஸ் வாங்கித் தாரேன்" என்று என் கையைப் பிடித்தார். நான் வரமாட்டேன் என்று திமிறினேன். அவர் மட்டும் போனார். மூன்றாவது தடவை அக்கா ஓடி வந்ததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தத் தடவை அவள் மிக உயரமாக எழும்பினாள். டெரிகாட்டன் இறுகிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. வீசிய கால் குச்சிக்கு மேலே போய்விட்டது. பின்னால் வந்த காலின் குதிகால் மட்டும் தொட்டது. மெல்லத்தான் தொட்டது. குச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்தது.

சுந்தரபாண்டியத்துப் பெண் முதலாவதாக வந்தாள். அந்த இருபத்தெட்டுக்கு மேல் அவளாலும் தாண்ட முடியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மாமா எங்களுக்குச் சற்றுப் பின்னால் நின்றிருந்தார். கையில் குச்சி ஐஸ். அது உருகிச் சிவப்பாக முழங்கைவரை வழிந்திருந்தது. எனக்குக் கொடுக்க மறந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் அன்று இரவு, கண் பட்டுவிட்டது என்று அம்மா அக்காவுக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் அப்பா பின்கட்டில் போட்டிருந்த மூட்டைகள் இல்லை. டீச்சர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிளஸ் டூ முடிந்த மறுவருடம் தை மாதத்தில் அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தது. ஸ்டூல் எதுவும் தேவைப்படவில்லை. தாலி கட்டும்போது இருவரும் உட்கார்ந்துதானே இருப்பார்கள்.

மாமாவை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அம்மாவையும் அல்ல. முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எதையெதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் இந்த வயதில் யாரைக் குற்றம் சொல்லி என்ன வரவு வரப்போகிறது? அக்காவை மாமா நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். கல்யாணமாகிப் போனதும் அக்கா அங்கே மிஷினில் உட்கார்ந்தாள். அவளுடைய கால்களுக்கு அந்த மிஷின் போதவில்லை. மிதிக்கும்போதெல்லாம் முட்டி இரண்டும் மேல் பலகையில் இடித்துக் கன்றிப் போயின. மாமா தச்சரைக் கூட்டிவந்து மிஷினின் நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்தி, மிதிபலகையையும் பெரிது செய்துகொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மிஷினில் மாமா உட்கார்ந்தால் அவருக்கு வசப்படாது. தொண்ணூறுகளில் நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது போயிருக்கிறேன். வரிசையில் அந்த ஒரு மிஷின் மட்டும் தலை நிமிர்ந்து நிற்கும். அக்கா அதில் குனிந்து உட்கார்ந்து நைட்டி தைத்துக்கொண்டிருப்பாள். தாண்டியதைப் பற்றி அவளும் பேசியதில்லை, மாமாவும் பேசியதில்லை. மாமா போய்ச் சேர்ந்து இது ஒன்பதாவது வருடம். இப்போதும் அவள் பேசுவதில்லை.

நான் சொல்ல வந்தது போட்டிக்கு மறுநாளைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையில் இருந்தாள். அக்கா பின்கட்டில் வெயிலில் உட்கார்ந்து பிளேடால் அந்தப் பேண்ட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உட்புறத்தைத் திருப்பிப் போட்டிருந்தாள். தொடைப் பகுதியில் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. ஒரு பக்கம் மட்டுமல்ல, இரண்டு காலிலும், உள்பக்கமும் வெளிப்பக்கமும். முட்டிக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை. அக்கா மடிப்பை நீவி விட்டாள். மடிப்பின் ஓரத்தில் வெள்ளைச் சாக்பீஸ் கோடு. தளவாய்புரத்தில் மேசையில் நான் பார்த்த அதே கோடு. கோடு ஓரிடத்தில் இருந்தது. தையல் அதிலிருந்து இரண்டு விரல் உள்ளே ஓடியிருந்தது. அக்கா கோட்டின் மேல் விரலை வைத்து, இடுப்பிலிருந்து முட்டிவரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். பிறகு மறுகாலிலும் அப்படியே செய்தாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு உடுப்பு தைத்தால், அடுத்த வருடம் பிரித்துவிட வசதியாகத் துணியை உள்ளே பிடித்துத் தைப்பார்கள். என் தீபாவளிச் சட்டை ஒவ்வொன்றிலும் மாமா அப்படி விட்டிருப்பார்.

"எக்கா, மாமா வளத்துக்கு விட்டுத் தச்சிருக்காக. நீ இன்னும் வளருவல்லா, அதுக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"ஆமால" என்றாள். "வளத்துக்குத்தான்."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அங்க என்னட்டி பண்ணுத?"

அக்கா சட்டென்று துணியை மடியில் போட்டு மூடினாள். "ஒண்ணுமில்லம்மா. தம்பிக்கு டவுசர் தைக்கதுக்கு இதப் பிரிக்கேன்." சொல்லிவிட்டு, பாவாடை நுனியால் அந்தக் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள். காய்ந்த கோடு சீக்கிரம் போகவில்லை.

எனக்கு டவுசர் கிடைக்கப்போகிறது. புதுத் துணி, டெரிகாட்டன், அதுவும் கருநீலம். அதில் கோடு கோடாக வெள்ளை இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று அக்கா துடைக்கிறாள் என்று நினைத்தேன். தொட்டியிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, மறுகாலில் இருந்த கோட்டை நான் துடைத்தேன். அக்கா தடுக்கவில்லை. அம்மா கை துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒரு கோடு இல்லாமல் முழுவதும் துடைத்து முடித்துவிட்டோம்.